4294967295: ஐந்து பகா எண்களும் ஒரே இடத்தில்

கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு 4294967295 முகம் தெரிந்த ஆள். நிரல் தன் வேலையைக் குறித்து வைக்கும் ஏதோ ஒரு லாக் கோப்பில், ஐந்து அல்லது ஆறு என்று வரவேண்டிய இடத்தில், பத்து இலக்கத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் அடிபட்டவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்: யாரோ பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறார்கள்.

கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காத 32 பிட் பெட்டியில், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் 32 இடங்களில், பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வழி கிடையாது. வண்டியின் கிலோமீட்டர் மீட்டரை 00000-இலிருந்து ஒரு படி பின்னால் சுற்றினால் 99999 வருவதுபோல, எல்லாப் பிட்டுகளும் 1 ஆகிவிடும். மொத்தம் 32 ஒன்றுகள். அதைப் பத்தின் அடிமானத்தில் படித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295.

பல வருடங்களாக எனக்கும் இந்த எண் அவ்வளவுதான். முட்டிக்கொள்ள ஒரு சுவர். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் 2³² முகவரிகள். அவற்றில் கடைசியான 255.255.255.255 இந்த எண்தான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டு வரும் கடிகாரத்தைக் குறியில்லாத 32 பிட்டில் வைத்தால், 2106 பிப்ரவரி 7 அன்று இதைத் தொட்டுவிட்டு மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். நொடிக்குப் பதில் மில்லிநொடியை எண்ணினால் 49 நாளும் சொச்சமும்தான் தாங்கும். விண்டோஸ் 95 கணினிகள் இடைவிடாமல் 49.7 நாள் ஓடினால் உறைந்துபோனது இதனால்தான். அந்தக் காலத்தில் அத்தனை நாள் தொடர்ந்து ஓடிய கணினி எத்தனை இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் இதெல்லாம் பெட்டியின் குணம், எண்ணின் குணம் அல்ல. 32 போதும் என்று சிலர் முடிவெடுத்தார்கள், சுவர் அங்கே விழுந்தது. எண்ணின் சொந்தக் குணம் தெரிய வேண்டுமானால் அதை உடைத்துப் பார்க்க வேண்டும்.

பத்து இலக்க எண்ணைப் பகாக் காரணிகளாக உடைப்பது பொதுவாகக் கை வலிக்கிற வேலை. 65536-க்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. மோசமான எண் வாய்த்தால் அத்தனையாலும் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓய முடியும். இந்த எண்ணுக்கு ஒரு வகுத்தல்கூட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே ஒரு முற்றொருமை போதும்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது அவற்றின் மூலங்களின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கியது.

2³² − 1 = (2¹⁶ + 1) × (2¹⁶ − 1) = 65537 × 65535
65535 = 257 × 255
255 = 17 × 15
15 = 5 × 3

ஒவ்வொரு தடவையும் வலது பக்கத்தில் மிஞ்சுவதும் ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைந்த எண்ணாகவே இருப்பதால் மறுபடியும் அதே கத்தியால் வெட்டலாம். வெட்டி முடித்ததும் கையில் இருப்பது:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள். ஐந்தும் 2-இன் ஏதோ ஓர் அடுக்கைவிட ஒன்று கூடுதல். இப்படிப்பட்டவற்றுக்கு ஃபெர்மா பகா எண்கள் என்று பெயர். இன்றுவரை உலகத்துக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் மொத்தமே ஐந்துதான், அந்த ஐந்தும் இந்த ஒரே எண்ணுக்குள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. இதைப் பார்த்த பிறகு லாக் கோப்பில் இந்த எண்ணைப் பார்த்தாலும் என்னால் பழையபடி திட்ட முடிவதில்லை.

அக்கம்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இதற்கு முந்தையது 4294967294. அது 2 × 2147483647. அந்த 2147483647 ஒரு பகா எண் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் நிறுவினார். இதற்கு அடுத்தது 4294967296. அதில் 2-ஐத் தவிர வேறு எதுவும் கிடையாது, 32 முறை 2. அதற்கும் அடுத்தது 4294967297. நான்கு எண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் ஒரு பெரிய பகா எண், ஒன்றில் ஐந்து சின்னப் பகா எண்கள், ஒன்றில் வெறும் இரண்டுகள். ஒன்றைக் கூட்டினால் ஓர் எண்ணின் உள்ளமைப்பு அடியோடு மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. நான்காவது எண்ணில்தான் கதையே இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபெர்மாவுக்குத் தொழில் சட்டம். கணக்கு ஓய்வு நேரத்தில். 2-ஐ 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. அடுக்கை இப்படியே இரட்டித்துக்கொண்டே போனால் வருவதெல்லாம் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640 வாக்கில் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த எண், 32-ஆம் அடுக்கோடு ஒன்று, அதாவது 4294967297.

சுமார் 90 வருடம் இது அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் கணிதர் கோல்ட்பாக், ஆய்லருக்கு எழுதிய ஒரு கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மா இப்படி ஒன்று சொன்னாரே, தெரியுமா என்று கேட்டார். ஆய்லருக்கு அப்போது வயது 22. ஆரம்பத்தில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. 1732-இல் விடை வந்தது:

4294967297 = 641 × 6700417

641! மூன்று இலக்கம். இதில் எனக்கு இன்றும் விளங்காதது, ஃபெர்மா எப்படி இதைக் கோட்டைவிட்டார் என்பதுதான். பொறுமை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. அதே 1640-இல் 2³⁷ − 1 என்ற எண்ணுக்கு 223 ஒரு காரணி என்று கண்டுபிடித்தவர் அவர். எப்படி? தன் பெயரில் இன்று வழங்கும் தேற்றத்தை வைத்து, காரணி எந்த வடிவத்தில்தான் இருக்க முடியும் என்று முதலில் வடிகட்டிவிட்டு, தேறியவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தார். அதே வடிகட்டியை 4294967297-க்கும் போடலாம். ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்றால், 2-இன் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்துக் கிடைக்கும் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒரு முறை சுற்றி வர வேண்டும். ஃபெர்மாவின் தேற்றப்படி அந்தச் சுற்றின் நீளம், பகா எண்ணில் ஒன்று குறைந்ததை மீதியில்லாமல் வகுக்கும். ஆகவே காரணி என்று ஒன்று இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்று. அந்த வடிவத்தில் உள்ள பகா எண்களை வரிசையாக எழுதினால்: 193, 257, 449, 577, 641.

ஐந்தாவது ஆள். ஐந்தே ஐந்து வகுத்தல். 19-ஆம் நூற்றாண்டில் லூக்கா இந்த வடிகட்டியை இன்னும் இறுக்கி, 64-க்குப் பதில் 128-இன் மடங்கோடு ஒன்று என்று காட்டினார். அப்போது மிஞ்சுபவை 257, 641 மட்டும். 257 உள்ளே வர முடியாது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். ஆக, சரியாகத் தேடியிருந்தால் முதல் வீச்சிலேயே விழுந்திருக்க வேண்டிய விக்கெட். ஃபெர்மா வகுத்தலில் எங்கோ தடுமாறியிருக்கலாம், அல்லது விடை தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் கணக்கைப் போடாமலே விட்டிருக்கலாம். நான் இரண்டாவதன் பக்கம்.

641 வகுக்கிறது என்பதை வகுக்காமலே காட்ட ஒரு வழி இருக்கிறது. ஆய்லருடையது அல்ல, பின்னால் வந்தவர்கள் கண்டது. பேனாவும் தாளும் எடுத்து ஒரு தடவை எழுதிப் பாருங்கள், விட்டுவிடாதீர்கள்.

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இவ்வளவுதான் மூலதனம். 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனிப்போம். முதல் வரி என்ன சொல்கிறது? 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதாவது மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதன் மீதி +1. இரண்டாம் வரி என்ன சொல்கிறது? 641-இன் கணக்கில் 5⁴ வரும் இடத்திலெல்லாம் −2⁴ என்று மாற்றி எழுதிக்கொள்ளலாம். மாற்றுங்கள். −2⁴ × 2²⁸, அதாவது −2³², மீதி 1. அப்படியானால் 2³² + 1 என்பதன் மீதி பூஜ்ஜியம். முடிந்தது. பத்து இலக்க எண்ணை நாம் எழுதக்கூட இல்லை.

இப்போது அந்த 257 விஷயம். மேலே செய்த வெட்டல்களைத் திரும்பப் பாருங்கள். 4294967295 என்பது ஃபெர்மா வரிசையின் முதல் ஐந்து எண்களின் பெருக்கல். 4294967297 அதைவிடச் சரியாக 2 கூடுதல். இரண்டுக்கும் பொதுவாக ஒரு காரணி இருந்தால் அது அந்த 2-ஐயும் வகுக்க வேண்டும். இரண்டும் ஒற்றைப்படை, ஆகவே வாய்ப்பில்லை. அதனால் 3, 5, 17, 257, 65537 ஐந்துக்கும் அடுத்த எண்ணுக்குள் நுழைய அனுமதி இல்லை. அது பகா எண்ணாக இல்லாவிட்டாலும் சரி, இதுவரை வராத புதிய பகா எண்களைக் கொண்டுதான் உருவாக வேண்டும். இதே தர்க்கம் வரிசை முழுக்கப் பொருந்தும் என்பதால், பகா எண்களுக்கு முடிவில்லை என்பதும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. 1730-இல் கோல்ட்பாக் இதை ஆய்லருக்கு எழுதினார். ஃபெர்மா சொன்னது பொய்யானாலும் அவருடைய வரிசை இன்னொரு உண்மைக்குப் பயன்பட்டது.

சதுரங்கப் பலகையும் தானியமும் கணக்கு எல்லாருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. பாதிப் பலகை, அதாவது 32 கட்டம், நிரம்பும்போது மொத்தம் 4294967295. முழுப் பலகை 4294967295 × 4294967297. பாதிப் பலகை வரை கணக்கு ஐந்து அழகான பகா எண்களாக உடைகிறது. மீதிப் பாதி சேர்ந்ததும் 641 வந்து புகுந்துகொள்கிறது. இந்த நுழைவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எண்ணின் வேறொரு குணத்தைப் பார்த்தால் புரியும்.

ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, 1 முதல் அந்த எண் வரை உள்ளவற்றில் அதனோடு (1-ஐத் தவிர) பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று எண்ணலாம். ஆய்லரின் ஃபை சார்பு என்று இதற்குப் பெயர். 4294967296-க்கு இது சுலபம். அதில் 2 மட்டுமே இருப்பதால் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் தேறும், சரிபாதி, 2147483648. நம் எண்ணுக்கு? 3, 5, 17, 257, 65537 எதனாலும் வகுபடாதவற்றை எண்ண வேண்டும். பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் ஒரே முறை வருவதால், ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் போதும்:

2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹ = 2147483648

அதே எண்ணிக்கை! இரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். 3 அங்கே உண்டு, இங்கே இல்லை. 8 இங்கே உண்டு, அங்கே இல்லை. சம்பந்தமே இல்லாத இரண்டு சல்லடைகளில் சலித்தும் கீழே விழுந்த எண்ணிக்கை ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. இதே பொருத்தம் சின்ன அளவிலும் உண்டு: 3-க்கும் 4-க்கும் இரண்டு, 15-க்கும் 16-க்கும் எட்டு, 255-க்கும் 256-க்கும் 128. பிறகு 65535, 65536. பிறகு நம் ஜோடி. அடுத்து 2⁶⁴-உம் அதற்கு முந்தைய எண்ணும் என்று போனால் ஒத்துவராது. 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் அதன் பங்கு 4294967296 ஆக இருந்திருக்கும்; அது 641-உம் 6700417-உம் ஆக உடைவதால் பங்கு 640 × 6700416 = 4288266240 என்று இறங்கிவிடுகிறது. 67 லட்சத்துச் சொச்சம் துண்டு விழுகிறது.

வகுத்திகளைக் கூட்டிப் பார்ப்பது, நிறைவெண்ணா (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமா) என்று சோதிப்பது போன்ற வழக்கமான சடங்குகளில் இந்த எண் பெரிதாக எதுவும் காட்டாது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை 3009636033. எண்ணைவிடக் குறைவு, ஆகவே குறைவெண், அவ்வளவே. வகுத்திகளின் பட்டியல் மட்டும் முக்கியம். ஐந்து பகா எண்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று 32 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் வகுத்திகள் 32. அதில் 1-ஐத் தள்ளினால் 31. இந்த 31-ஐ நினைவில் வையுங்கள்.

கவராயத்தையும் அளவு குறிக்காத கோலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒழுங்குப் பலகோணம் வரைவது கிரேக்கர் காலத்துப் பொழுதுபோக்கு. முக்கோணம் வரும், ஐங்கோணம் வரும், அவை இரண்டையும் சேர்த்துப் பதினைந்து பக்கமும் வரும். எப்படிச் சேர்ப்பது? ஐங்கோணத்தில் இரண்டு பக்கம் நடந்தால் வட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. முக்கோணத்தில் ஒரு பக்கம் பின்னால் வந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். 2/5 − 1/3 = 1/15. பதினைந்தில் ஒரு பங்கு வில் கையில் கிடைத்துவிட்டது, அதை அப்படியே சுற்றிலும் வைத்துக்கொண்டு போகலாம். யூக்ளிடிடமே இந்த 15 உண்டு. அதற்கு மேல் இரண்டாயிரம் வருடம் எவராலும் புதிய பகா எண் ஒன்றைச் சேர்க்க முடியவில்லை. 1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிறைய ஒரு மாதம் இருந்த ஜெர்மானியக் கணிதர் காஸ், 17 பக்கம் வரையலாம் என்று கண்டார். 17-இல் ஒன்று குறைந்தால் 16. அதைப் பாதி பாதியாக 8, 4, 2, 1 என்று பிளந்துகொண்டே போகலாம். ஒவ்வொரு பிளப்பும் ஓர் இருபடிச் சமன்பாடு. இருபடிச் சமன்பாடு என்றால் கவராயத்துக்குக் கட்டுப்பட்டது. இந்தச் சூத்திரம் எந்த ஃபெர்மா பகா எண்ணுக்கும் வேலை செய்யும். வேறு எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கும் செய்யாது என்பதை 1837-இல் வான்ட்ஸெல் நிறுவினார். ஒரே ஃபெர்மா பகா எண்ணை இரண்டு முறை பெருக்கிக்கொள்வதும் கூடாது; அதனால்தான் 9 பக்கம் வராது.

ஆகவே ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரையக்கூடிய பலகோணங்கள் இதுவரை தெரிந்தவை சரியாக 31. அவை நம் எண்ணின் வகுத்திகளேதான். 3-இல் தொடங்கி, கடைசியில் நிற்பது 4294967295 பக்கங்கள் கொண்டது.

வரையலாம் என்பது வேறு, வரைவது வேறு. 65537 பக்கத்துக்கே ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் சுமார் பத்து வருடம் செலவிட்டு எழுதிய கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதை முழுதாகச் சரிபார்த்தவர் யாராவது இருந்தால் அவர் ஹெர்மஸைவிடப் பொறுமைசாலி. நம் பலகோணத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்த்தேன். பூமத்திய ரேகையைச் சரியான வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுற்றளவு 40,075 கிலோமீட்டர். அதற்குள் 4294967295 பக்கங்களை அடக்கினால் ஒரு பக்கத்தின் நீளம் 9.33 மில்லிமீட்டர். அந்தக் கோட்டின் நடுவிலிருந்து வட்டத்தின் வில் எவ்வளவு விலகி நிற்கும்? பக்க நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் 1.7 பங்கு. ஒரு ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பூமியளவு வட்டத்தில்கூட, பலகோணத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளியில் ஓர் அணுவை நுழைக்க முடியாது.

அந்த 31 இன்னொரு இடத்தில் வரும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள். ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றுங்கள்.

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1
1 0 1 0 1 0 1
1 1 1 1 1 1 1 1

ஒவ்வொரு வரியையும் ஓர் இரும எண்ணாகப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. எல்லாமே நம் எண்ணின் வகுத்திகள், ஏறுவரிசையில், ஒன்றுகூட விடுபடாமல். காரணம் நேரடியானது. 1, 2, 4, 8 என்று அடுக்கு இரட்டிக்கும் இடங்களில் நடுவில் உள்ளவை எல்லாம் இரட்டைப்படையாகி அழிந்து, இரண்டு ஓரத்திலும் மட்டும் 1 மிஞ்சும்; அப்படிப்பட்ட வரிகள்தான் 3, 5, 17, 257 என்ற ஃபெர்மா எண்கள். மற்ற வரிகள் இவற்றின் பெருக்கல். முதல் வரியைப் பூஜ்ஜியமாவது வரி என்று எண்ணினால், எந்த வரியில் எவையெவை சேரும் என்பதை அந்த வரியின் எண்ணை இருமத்தில் எழுதினாலே தெரிந்துவிடும். 5-ஆவது வரி, அதாவது 4 + 1, என்பதால் 17 × 3 = 51. 31-ஆவது வரி 16 + 8 + 4 + 2 + 1; ஐந்தும் சேர வேண்டும். அந்த வரியில் பூஜ்ஜியமே இல்லை, 32 ஒன்றுகள் மட்டும், அதாவது 4294967295. அடுத்த வரி, 32-ஆவது, இரண்டு ஓரத்தில் 1, நடுவில் 31 பூஜ்ஜியம். 4294967297. கவராயம் அங்கே நின்றுவிடுகிறது. முக்கோணம் எந்தச் சலனமும் இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் காரணிகளால் நேரடி லாபமும் உண்டு. 32 பிட் பதிவகத்தை நகர்த்தி நகர்த்திச் சீரற்றதுபோல் தோன்றும் எண்களை உண்டாக்கும் முறைகளில், பூஜ்ஜியத்தைத் தவிர்த்து எல்லா நிலைகளையும் தொட்டுவிட்டு வந்தால் சுற்றின் நீளம் சரியாக 4294967295. ஒரு குறிப்பிட்ட அமைப்பு முழுச் சுற்று வருகிறதா என்று பார்க்க அத்தனை படியும் ஓட்டத் தேவையில்லை. முழு எண்ணிக்கையில் திரும்பி வருகிறதா, அதை 3, 5, 17, 257, 65537-ஆல் தனித்தனியே வகுத்த இடங்களில் திரும்பாமல் இருக்கிறதா என்று ஆறு இடத்தைத் தட்டிப் பார்த்தால் போதும். அப்புறம் அந்த 65537 ஒன்றே தனியாக மறைக்குறியீட்டு உலகில் பிழைப்பு நடத்துகிறது. ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறார்கள், இருமத்தில் இரண்டே இரண்டு ஒன்றுகள் இருப்பதால் 17 பெருக்கல்களில் வேலை முடிந்துவிடும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1-ஐ 4294967295-ஆல் வகுத்துத் தசமத்தில் எழுதினால், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் கழித்து, அதன்பின் 65536 இலக்கத்துக்கு ஒரு முறை அதே வரிசை திரும்பி வரும். 429 கோடிக்கு மேலான வகுக்கும் எண்ணுக்கு இது மிகக் குறுகிய சுற்று. 17, 257, 65537 மூன்றின் சுற்றுகளும் 16, 256, 65536 என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடுவதால் பெரியது மட்டுமே மிஞ்சுகிறது. இருமத்தில் எழுதினால் இன்னும் சுருக்கம்: 31 பூஜ்ஜியம், ஒரு 1, திரும்ப 31 பூஜ்ஜியம், ஒரு 1.

ஆறாவது ஃபெர்மா பகா எண் இருக்கிறதா? 64-ஆம் அடுக்குக்கு உரியதை 1880-இல் லாண்ட்ரி உடைத்தார், 274177 × 67280421310721. அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியவர். அதற்கு மேல் போகப் போக எண்கள் கையை மீறுகின்றன. 2-இன் அடுக்கை 2²⁴ என்று வைத்தால் கிடைக்கும் எண்ணுக்கு 50 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். அது பகு எண் என்று 1999-இல் கணினி வைத்து நிறுவிவிட்டார்கள், ஆனால் இன்னும் ஒரு காரணிகூடக் கிடைக்கவில்லை. அடுக்கு 2⁵ முதல் 2³² வரை எல்லாமே பகு எண்கள். நான் இதை எழுதும்போது விடை தெரியாத முதல் எண் அடுக்கு 2³³-க்கு உரியது, சுமார் 258 கோடி இலக்கங்கள்.

எங்கோ ஒரு ஆறாவது ஃபெர்மா பகா எண் அகப்பட்டால் பலகோணச் சாதனை நம் எண்ணின் கையைவிட்டுப் போய்விடும். 4294967295-ஐப் புதியதால் பெருக்கினால் அத்தனை பக்கமும் வரையலாம், 31 என்பது 63 ஆகும். ஃபை சார்பின் பொருத்தம் அப்படிப் போகாது. 2-இன் ஓர் அடுக்கும் அதற்கு முந்தைய எண்ணும் ஒரே எண்ணிக்கை தர வேண்டுமானால், முந்தைய எண் வேறு வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக மட்டுமே இருக்க முடியும். அதற்கு அடுக்கு 1, 2, 4, 8, 16, 32, 64 என்ற வரிசையில் இருந்தாக வேண்டும். 2⁶⁴ − 1-இல் 641 இருக்கிறது. 2¹²⁸ − 1 அதன் மடங்கு, 2²⁵⁶ − 1 அதற்கும் மடங்கு. எவ்வளவு தூரம் போனாலும் 641 கூடவே வரும்.